லண்டன் சாம் வாத்தியார்

கண்ணு,

நீ விமானம் ஏற இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நீயும் கீர்த்தனாவும் மதுக்கரைக்கு வந்து, அந்தச் சீன நகரத்துப் பயிற்சிப் பள்ளி அனுப்பியிருந்த வேலை ஒப்பந்தத்தை எனக்குக் காட்டினீர்கள். ஆங்கில ஆசிரியர் வேலை, ஒரு வருட ஒப்பந்தம், தங்குவதற்கு அறை. சரவணம்பட்டி கம்பெனியில் உன்னை வீட்டுக்கு அனுப்பி ஏழு மாதம் ஆகிவிட்டது, உனக்கும் வேறு வழி தெரியவில்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு இருக்கிற பெண்ணை விட்டுவிட்டு எப்படிப் போவாய் என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "நீங்க போலீங்களாப்பா? ஆறு வருசம் அங்க இருந்தீங்கல்ல? அம்மா சமாளிக்கலீங்களா? நாங்களும் சமாளிச்சுக்குவோமுங்க" என்றாய். நீங்கள் கிளம்பிப் போன பிறகும் அதே நாற்காலியில்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நேரில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. பதினோரு வருடமாக இல்லாத தைரியம் ஒன்பது நாளில் வந்துவிடாது. அதனால் எழுதுகிறேன். இதை மூடி ஒட்டி உன் கையில் மட்டும் கொடுக்கப்போவதில்லை. கீர்த்தனா படிக்கட்டும். உடுமலைப்பேட்டையில் இருக்கும் உன் மாமா படிக்கட்டும். என் ட்யூஷனில் உட்கார்ந்து சீனத்துக் கதைகளை வாய்பிளந்து கேட்டு, பிறகு எங்கெங்கோ வெளிநாட்டுக்குப் போய்விட்ட பிள்ளைகளும் படிக்கட்டும். அந்தக் கதைகளையெல்லாம் உனக்கும் அவர்களுக்கும் சொன்னவன் நான்தான். பதினேழாவது மாடியிலிருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தது, பனி விழுந்த நாளில் பிள்ளைகள் என் கோட்டுப் பைக்குள் பனியை அள்ளிப் போட்டது, காய்கறிக்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்டுக் கொத்தமல்லி சும்மா கொடுத்தது. இவை எதுவும் பொய்யில்லை. இவற்றுக்கு நடுவில் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு இவற்றை மட்டும் சொன்னேன். நீ அதை நம்பி இன்றைக்குப் பெட்டி கட்டுகிறாய்.

நான் ஏன் போனேன் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். குடும்பத்துக்காகப் போனார் என்று நீ எல்லோரிடமும் சொல்கிறாய். வீட்டில் கஷ்டம் இருந்தது, ஆனால் சோற்றுக்கு இல்லாத கஷ்டம் இல்லை. உன் அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்தாள், எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் வந்தது. நான் சோமனூரில் தறி ஓட்டியவர் மகன். தமிழ் மீடியத்தில் படித்து, ஆங்கிலத்தைக் காதால் பிடித்து, அதையே பட்டமாக வாங்கி, ஒரு தனியார் பள்ளியில் பதினோரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பதினோரு வருடத்தில் பெரிய வகுப்பு ஒன்றைக்கூட எனக்குத் தரவில்லை. ஒருமுறை துணிந்து கேட்டபோது, தாளாளர் ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், "உங்க இங்கிலீஷ்ல இன்னும் சோமனூர் வாடை அடிக்குதுங்களே சார்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை பேருந்தில் வரும்போது பார்த்த, சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலை என்ற விளம்பரத்தைத்தான் நம்பி, நான்கு மாதத்தில் கிளம்பிவிட்டேன். உனக்கு அப்போது பதினொரு வயது. உன் அம்மா தடுக்கவில்லை. "ரெண்டு வருசமுன்னு சொல்றீங்க. ரெண்டு வருசத்துல வந்துருங்க" என்று மட்டும் சொன்னாள்.

போய் இறங்கிய மறுநாள் லின் என்ற பெண்மணியிடம் என்னைக் கூட்டிப்போனார்கள். பள்ளியின் மேலாளர். நல்லவர், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. என் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், வாயில் நுழையவில்லை. "பெற்றோருக்கு இது கஷ்டம். உங்களுக்கு சாம் என்று வைத்துக்கொள்வோம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எந்த ஊர் என்று கேட்டால் லண்டன் என்று சொல்லுங்கள். இந்தியா என்றால் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள்" என்றார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை நான். சரி என்றேன். இதில் அவமானம் இருக்கிறது என்று தோன்றுவதற்கே பல மாதம் ஆயிற்று. அன்றைக்குத் தோன்றியது வேறு. லண்டனிலிருந்து வந்தவன் வாயில் சோமனூர் வாடை அடிக்கிறது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டுக்கொள். காலையில் உனக்கு வேலை இருக்காது. பிள்ளைகள் தங்கள் பள்ளி முடிந்து மாலை நான்கு மணிக்கு மேல்தான் வருவார்கள். அதுவரை அறையில் இருப்பாய். கீழே இறங்கினால் ஆவியில் வெந்த பன் விற்கும் கடை. பெயர் தெரியாது, விரலைக் காட்ட வேண்டும். ஒரு விரல் காட்டினால் ஒன்று, இரண்டு காட்டினால் இரண்டு. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கடித்த பிறகுதான் தெரியும். லிஃப்டில் ஏறினால் கூட நிற்பவர்கள் உன்னைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் பேசுவார்கள், பேச்சு உன்னைப் பற்றியது என்பது மட்டும் புரியும். மின் கட்டணத்துக்கான தாள் கதவில் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்துப் பள்ளிக்கு அனுப்பி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் நெற்றியைத் தொட்டுக் காட்டி நடித்து வாங்க வேண்டும். நாற்பது வயதில் எழுதப் படிக்கத் தெரியாதவனாக ஆவது எப்படியிருக்கும் என்று உன்னால் இப்போது நினைத்துப் பார்க்க முடியாது. வகுப்புக்கு வெளியே, வாய்விட்டு ஒரு முழு வாக்கியம் பேசாமல் மூன்று நாள் போயிருக்கிறது எனக்கு.

மூன்றரை மணிக்கு டை கட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். வருகிற ஒவ்வொரு குழந்தையோடும் கைதட்டி, ஹலோ சொல்லி, சிரிக்க வேண்டும். வகுப்பறைக்குக் கண்ணாடிச் சுவர். வெளியே பெற்றோர் நாற்காலி போட்டு உட்கார்ந்து போனில் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். நீ உட்கார்ந்தால் அலுவலகத்துக்குப் புகார் போகும். குதிக்க வேண்டும். குரங்கு என்று அட்டையைக் காட்டினால் போதாது, குரங்காகவே ஆகவேண்டும். ஒட்டுகிற பந்தைப் பலகையில் எறியச் சொல்லி, அது விழுகிற வார்த்தையைச் சொல்ல வைக்க வேண்டும். ஐம்பது நிமிடம், பத்து நிமிட இடைவெளி, திரும்ப அதே குரங்கு. சனி, ஞாயிறு காலை எட்டரையிலிருந்து இரவு வரை. ஷேக்ஸ்பியர் படித்துப் பட்டம் வாங்கியவன் ஆறு வருடத்தில் சொல்லிக்கொடுத்த மிக நீளமான வாக்கியத்தில் எட்டு வார்த்தை இருந்திருக்கும்.

இரண்டாம் வருடம் ஐரோப்பாவிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். வெள்ளைத் தோல், பழுப்பு முடி, பட்டம் கிடையாது. ஆங்கிலம் என்னிடம் கேட்டுக் கேட்டுப் பேசுவான். மூன்றாம் நாளே அவன் முகம் வாசல் போஸ்டரில் வந்துவிட்டது. புதிய பெற்றோர் பள்ளியைப் பார்க்க வருகிற நாளில் அவனை வாசலில் நிறுத்திவிட்டு, என்னை உள் அறையில் அட்டை வெட்டச் சொல்வார்கள். நான் வெட்டினேன். அவன் போனான், வேறொருவன் வந்தான், அவன் முகமும் போஸ்டரில் வந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் உள்ளே நுழையும்போது அந்தப் போஸ்டரைப் பார்ப்பேன். என்றைக்காவது என் முகம் அதில் வரவேண்டும் என்று, சொன்னால் வெட்கக்கேடு, சின்னப் பையன் போல ஆசைப்பட்டேன்.

இவ்வளவு இருந்தும் இரண்டு வருடத்தில் ஏன் வரவில்லை என்று நீ கேட்கலாம். வகுப்பறைக்குள் பிள்ளைகள் என்மேல் உயிராக இருந்தார்கள். சாம், சாம் என்று காலைக் கட்டிக்கொள்வார்கள். ஊரில் இருந்த என்னைவிட சாம் நன்றாகச் சிரிப்பான், சாமுக்குக் கோபமே வராது, சாமை யாரும் மட்டம் தட்டியதில்லை. சாமாக இருப்பது எனக்குப் பிடித்துவிட்டது. உன் அப்பாவாக இருப்பதைவிட அது சுலபமாக இருந்தது. இதை எழுத எனக்குக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை இதுதான்.

திங்கட்கிழமைதான் எனக்கு விடுமுறை. காலையில் வீடியோவில் கூப்பிடுவேன். உங்களுக்கு அப்போது ஏழரை மணி, நீ பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரம். உன்னோடு ஆங்கிலத்தில்தான் பேசுவேன், நீயும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்பில் நீ மைதானத்தில் விழுந்து மணிக்கட்டு முறிந்து, கட்டுப் போட்ட கையைக் காட்டி அழுதுகொண்டே ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாய். விழுந்துவிட்டேன் என்பதை நீ தப்பாகச் சொன்னாய். அந்த வினைச்சொல்லை நான் திருத்தினேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியாகச் சொன்னாய். பின்னால் நின்ற உன் அம்மா, "ஏனுங்க, கொழந்தை வலிக்குதுன்னு அழுவறான். அதை மொதல்ல கேளுங்க" என்றாள். உன் ஆங்கிலம் நன்றாக வந்ததற்கு அப்பாதான் காரணம் என்று கல்யாணத்தில் மைக்கைப் பிடித்துச் சொன்னாயே, அப்போது என் நினைவுக்கு வந்தது அந்தக் கட்டுப் போட்ட கைதான்.

ஐந்தாம் வருடத்திலிருந்தே உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. ரத்தப்போக்கு நிற்காமல் இருந்தது. கர்ப்பப்பையை எடுத்துவிடுவது நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்குச் சொன்னாள், உனக்குச் சொல்லவில்லை. "நீங்க வந்த பொறகு பண்ணிக்கறனுங்க. ஆளில்லாம ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கறதுக்கு எனக்குப் பயமா இருக்குது" என்றாள். சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு வருகிறேன் என்றேன். அந்த விடுமுறையில் சிறப்பு வகுப்பு வைத்தார்கள், இருந்துவிட்டேன். கோடையில் வருகிறேன் என்றேன். கோடையிலும் இருந்துவிட்டேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இரண்டு தடவையும் லின், "ஊருக்குப் போகிறீர்களா, இருக்கிறீர்களா?" என்று கேட்டார். இரண்டு தடவையும் நான்தான் இருக்கிறேன் என்றேன். உன் அம்மா இரண்டு தடவையும் ஆபரேஷனைத் தள்ளிப்போட்டாள்.

ஆறாம் வருடக் கடைசியில் பள்ளி ஆண்டுவிழாவுக்கு ஒரு பெரிய அரங்கத்தை எடுத்தார்கள். நான் எழுதிய ஆங்கில நாடகம், முப்பது பிள்ளைகள், நான்தான் இயக்குநர், நான்தான் மேடையில் அறிவிப்பாளர். போஸ்டரில் முதல் தடவையாக என் முகம். கோட்டுப் போட்டு, சிரித்துக்கொண்டு, கீழே பெரிய எழுத்தில் சாம், லண்டன். அதைப் பார்த்த அன்று வாசலிலேயே நின்றுவிட்டேன். விழா சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அதற்கு ஒன்பது நாள் முன்பு, வியாழக்கிழமை, உன் அம்மா கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிடுவது அபூர்வம். குரல் இறங்கிப்போயிருந்தது. "இனித் தள்ளிப்போட முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாருங்க. திங்கட்கெழம ஆப்ரேசன். ஒரே ஒரு வாரம் வந்துட்டுப் போயிருங்க. அவனுக்குப் பரிச்ச வருது, அவன நான் கூட உக்கார வெக்க முடியாது" என்றாள்.

நான் என்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியும். விசாவைப் புதுப்பிக்கப் பாஸ்போர்ட் சர்க்கார் ஆபீசில் கொடுத்திருக்கிறது, அது கைக்கு வராமல் நகர முடியாது என்றேன். அந்தப் பாஸ்போர்ட் அப்போது என் சட்டைகளுக்கு அடியில், அலமாரியில் இருந்தது. மூன்று நாள் முன்னதாகவே திரும்பி வந்துவிட்டது. நான் கிளம்பியிருந்தால் வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் கோயமுத்தூரில் இருந்திருப்பேன். விழாவை இன்னொருவர் நடத்தியிருப்பார். அவ்வளவுதான், வேறு ஒன்றும் ஆகியிருக்காது. உன் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரீங்க. நீங்க கவலப்படாதீங்க, அண்ணனை வரச் சொல்லிக்கறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் ஏன் கொஞ்ச நேரம் பேசவில்லை என்பது மறுநாள் ஒத்திகையில் நின்றுகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வாரத் தொடக்கத்தில், திங்கட்கிழமைக் காலையில், வீடியோவில், புது விசா ஒட்டிய பக்கத்தை விரித்து அவளுக்குக் காட்டியதே நான்தான். "இன்னும் ஒரு வருசத்துக்குக் கவலையில்லை, பார்" என்று பெருமையாகக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "போட்டோவுல எளச்சுத் தெரியறீங்க" என்றாள். நான் பொய் சொல்கிறேன் என்று தெரிந்துதான் அவள் சரீங்க என்றாள். அது புரிந்த பிறகாவது நான் போனை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. எடுத்தால் அதைப் பற்றிப் பேச வேண்டிவரும். அதைவிடப் பேசாமல் இருப்பது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. புதன்கிழமை அவளோடு இரண்டு நிமிடம் பேசினேன். நாடகம் எப்படி வந்திருக்கிறது என்று கேட்டாள். பாஸ்போர்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்றாள். அதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. சனிக்கிழமை காலை எழுந்து பாத்ரூம் போனவள் வாசலிலேயே சாய்ந்துவிட்டாள். ரத்தக்கட்டி நுரையீரலில் போய் அடைத்துக்கொண்டது என்றார்கள். சீனாவில் அப்போது பதினோரு மணி இருக்கும். நான் அரங்கத்தில் பிள்ளைகளுக்கு முயல் காது மாட்டிக்கொண்டிருந்தேன். நீ கூப்பிட்டாய். ஆறு வருடத்தில் முதல் தடவையாக என்னோடு தமிழில் பேசினாய். "அப்பா, அம்மா போயிருச்சுங்கப்பா" என்றாய்.

அதன் பிறகு நடந்ததைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று மாலை நான்கு மணிக்கு ஒரு விமானம் இருந்தது. லின்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரே காரை எடுத்து வந்து என்னை ஏற்றிவிட்டிருப்பார். அது தெரிந்ததால்தான் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை எப்படியாவது இன்றைக்கு வாங்கிவிடுகிறேன், நாளைக்குத்தான் டிக்கெட் கிடைக்கும் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, இரண்டு மணிக்கு மேடை ஏறினேன். எனக்கு என்ன ஆயிற்று, மரத்துப்போய்விட்டேனா, பைத்தியம் பிடித்துவிட்டதா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். ஒரு காரணமும் அகப்படவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசினேன், சிரித்தேன், எந்த இடத்திலும் தடுமாறவில்லை. முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, கண்ணு. ஒரு நொடி, இரண்டு நொடி. ஆனால் இருந்தது. ஒரு பெண் குழந்தை பூங்கொத்தைக் கொடுத்தது, படம் எடுத்தார்கள். கோட்டுப் போட்டு, பூவைப் பிடித்துக்கொண்டு, முயல் காதுப் பிள்ளைகளுக்கு நடுவில் நான் நிற்கும் அந்தப் படத்தைத்தான் நீ பெரிதாக்கி உன் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாய். அது எந்த நாளில் எடுத்தது என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

நீங்கள் எனக்காக ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை அவளை வைத்திருந்தீர்கள். நான்கு மணி விமானத்தில் வந்திருந்தால் அதற்குள் வந்திருப்பேன். நான் திங்கட்கிழமை காலையில் வந்தேன். வாசலில் ஈரம்கூடக் காய்ந்திருந்தது. மொட்டையடித்த தலையோடு, பதினேழு வயசுப் பையன், நீ ஓடிவந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கினாய். சொந்தக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையைப் பொறுக்காமல், "அப்பா மேல தப்பில்லீங்க, பாஸ்போர்ட் ஆபீஸ்ல மாட்டிக்கிச்சு. அம்மாவே எங்கிட்டச் சொல்லுச்சுங்க" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாய். ஆபரேஷனுக்கு முதல் நாள் உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "அப்பாவால வர முடியாது சாமி, அவரக் கோவிச்சுக்காத" என்று அவள் சொல்லியிருக்கிறாள். நான் சொன்ன பொய்யை அவள் தன்னுடையதாக எடுத்துக்கொண்டு உன்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். எனக்காக அல்ல, உனக்காகத்தான் அதைச் செய்திருப்பாள். தனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அம்மா இல்லாத வீட்டில் அப்பாவையாவது உனக்கு மிச்சம் வைக்க நினைத்திருப்பாள்.

உன் மாமா மட்டும் நம்பவில்லை. மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு, இறப்புச் சான்றிதழுக்கு ஏதோ நகல் வேண்டும் என்று என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். கொடுத்தேன். தேங்காய் வியாபாரத்தில் நாற்பது வருடம் ஆளைப் பார்த்துப் பழகியவர், ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி அந்த விசாவில் நின்றார். தேதியைப் படித்தார். "ஏனுங் மாப்பிள்ளை, இது கையில வந்து ரெண்டு வாரத்துக்கு மேலயே ஆயிருக்கும் போல இருக்குதுங்களே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னை அடித்திருக்கலாம், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பாஸ்போர்ட்டை மூடி என் மடியில் வைத்துவிட்டு, "பையங்கிட்ட நான் சொல்லமாட்டனுங்க. அவனுக்கு ஆருமே இல்லாமப் போயிரும். நீங்களே ஒரு நாளைக்குச் சொல்லிப்போடுங்க" என்று எழுந்து போனார். அதன் பிறகு உன் கல்யாணப் பந்தலில்கூட அவர் என்னிடம் பேசவில்லை. மாமா ஏன் இப்படி இருக்கிறார் என்று நீ அவரிடம் சண்டைக்குப் போனாய். அப்போதும் நான் சும்மா இருந்தேன்.

நான் திரும்பிப் போகவில்லை. அறையிலிருந்த சாமான்களை லின் பெட்டியில் போட்டு அனுப்பிவைத்தார். மனைவி இறந்த செய்தியை ஏன் அன்றைக்கே தன்னிடம் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தார். அந்த வரிக்கு நான் பதில் எழுதவில்லை. மதுக்கரையில் ட்யூஷன் ஆரம்பித்தேன். வேறு என்ன பேசுவது என்று தெரியாமல் சீனத்துக் கதைகளைச் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அது நல்ல ஊராக ஆகிவிட்டது, நானும் நல்ல வாத்தியாராக ஆகிவிட்டேன்.

உனக்கு அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். உன் ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில், முதல் வருடம் விடுமுறை பள்ளியின் விருப்பம் என்று எழுதியிருக்கிறது. பிரசவத்துக்கு லீவு போட்டு வந்துவிடுவேன் என்கிறாய். நாள் நெருங்கும்போது ஏதாவது ஒரு விழா இருக்கும், ஏதாவது ஒரு வகுப்பு இருக்கும், உன் முகம் எங்கேயாவது போஸ்டரில் வந்திருக்கும். அங்கே உன்னைக் கட்டிப்போட யாரும் வரமாட்டார்கள். நீயே இருந்துவிடுவாய். நீ என்னைப் போல இல்லை என்று நான் நம்ப ஆசைப்படுகிறேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தத்தைக் காட்டும்போது, அவர்கள் உனக்கு ஸ்டீவ் என்று பெயர் வைத்திருப்பதைச் சொல்லிச் சிரித்தாயே, உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வெளிச்சம். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு நம்பிக்கை வரவில்லை. இந்தக் கடிதம் உன்னை நிறுத்தும் என்றும் நான் நினைக்கவில்லை. என்மேல் வருகிற வெறுப்பில் நீ இன்னும் சீக்கிரமாகக்கூடக் கிளம்பிவிடலாம்.

நேற்று மதியம் கீர்த்தனா தனியாக வந்திருந்தாள். நீ துணி எடுக்கப் போயிருக்கிறாய் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, கொஞ்ச நேரம் ட்யூஷன் பிள்ளைகளின் நோட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள். "மாமா, உங்களுக்குத்தானுங்க அந்த ஊரு தெரியும். எனக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா அவருனால ஒடனே பொறப்பட்டு வர முடியுமுங்களா?"

முடியும் என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், அதுதான் உண்மை. நினைத்தால் ஒரே நாளில் வந்து சேரலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரீங்க மாமா" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்பா